தொட்டியில இருக்கிற வரைக்கும் அழகு

பொங்கலுக்கு அக்கா மகன் சென்னையில இருந்து வந்திருந்தான். விடியக்காலம் பொதிகையில ராஜபாளையம் வந்து இறங்கினவன் தோள்ல ஒரு பை, கையில ஒரு பெயிண்ட் டப்பா. டப்பாவுக்கு மூடி போட்டு, மூடியில ஆணியால நாலஞ்சு ஓட்டை போட்டிருந்தான். "என்ன மாப்ள, மெட்ராஸ்ல இருந்து விரால் குஞ்சு கொண்டாந்தியா?"ன்னு கேட்டேன். "அப்புறம் சொல்றேன் மாமா"ன்னு சிரிச்சுக்கிட்டே வண்டியில ஏறினான்.

எங்க ஊரு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல இருக்கு. மேக்க பாத்தா மலை, கிழக்க பாத்தா கண்மாய். மத்தியானம் சாப்பிட்டுட்டு வயலுக்குக் கிளம்பினேன், அவனும் டப்பாவோட கூட வந்தான். கண்மாய்க்கரையில நின்னு மூடியைத் திறந்தான். உள்ள பச்சைப் பசேல்னு சின்னச் சின்ன இலை. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, மேல பூனைமுடி மாதிரி ரோமம். பாக்க அவ்வளவு லட்சணமா இருந்துச்சு.

"மீன்தொட்டியில வளத்தேன் மாமா. வாரம் ஒரு தடவை அள்ள வேண்டியிருக்கு. குப்பையில கொட்ட மனசு வரல, உசுருல்ல? இங்க கண்மாய்ல விட்டா நல்லா வளரும்."

"நல்லா வளரும்கிறதுதான் மாப்ள பிரச்சனை. மூடியை மூடு மொதல்ல."

கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன் போல. அவன் முகம் சுருங்கிப் போச்சு. பாவம், நல்ல மனசோடதான் கொண்டு வந்திருக்கான். ஒரு உசிரை ரயில்ல வச்சு ராத்திரி முழுக்கத் தூக்கிட்டு வந்தவனை வைய முடியுமா? அன்னைக்கு அவனுக்கு விளக்கிச் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன். நகரத்துல மீன்தொட்டி வச்சிருக்கிற நிறையப் பேர் இதைப் படிக்கிறீங்கன்னு தெரியும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். தொட்டியில செடி வளக்காதீங்கன்னு நான் சொல்ல வரல. நல்லா வளருங்க. மண்ணையே பாக்காம மாடி வீட்டுல வளர்ற பிள்ளைக்கு, ஒரு செடி கண்ணு முன்னாடி பெருகுறதைப் பாக்கிறது பெரிய படிப்பு. அதுலயும் இந்த மிதக்கும் பெரணி இருக்கே, அது தொட்டிக்கு நல்ல வேலைக்காரன். மீன் கழிவுல இருந்து வர்ற அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சிக்கும். மேல நிழல் விழுறதால கண்ணாடியில பாசி பிடிக்கிறது குறையும். பயந்த சுபாவம் உள்ள மீனு அடியில வந்து ஒதுங்கும். செய்ய வேண்டியது ரெண்டு மூணுதான். ஃபில்டர் தண்ணி மேல கொட்டாம பாத்துக்கணும், ஏன்னா இலை மேல ஓயாம தண்ணி விழுந்தா அழுகிப் போகும். மூடியில வேர்த்துச் சொட்டுற தண்ணிக்கும் இதே கதைதான், கொஞ்சம் காத்து போக இடம் விடணும். அப்புறம், தொட்டி முழுக்க மூட விடக் கூடாது. மூணுல ஒரு பங்காவது திறந்து இருக்கணும், இல்லாட்டி அடியில இருக்கிற செடிக்கு வெளிச்சமும் மீனுக்கு மூச்சும் குறையும்.

ஆக, வாரா வாரம் அள்ளித்தான் ஆகணும். அள்ளுனதை என்ன செய்றதுங்கிறதுதான் கேள்வி.

மிதக்கும் பெரணியில ரெண்டு பேரினம் முக்கியம். ஒண்ணு அசோலா, இன்னொண்ணு சால்வினியா. ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி, ஒரே வரிசையில வர்ற செடிங்கதான். ரெண்டுக்கும் பூ கிடையாது, காய் கிடையாது. ஆனா ஒருத்தி பேரு எங்க ஊர்ல விவசாயக் கூட்டத்துக்குக் கூட்டம் ஒலிக்குது. இன்னொருத்தி பேரைக் கேட்டா மலைக்கு அந்தப் பக்கம் குட்டநாட்டுல பழைய சம்சாரிங்க தலையில கை வைப்பாங்க.

அசோலாவை முதல்ல பாப்போம், ஏன்னா அது எங்க வீட்டுக் கொல்லையிலயே இருக்கு.

விரல் நகம் அளவுதான் ஒரு செடி. அதோட இலைக்குள்ள இருக்கிற சின்னப் பொந்துல ஒரு நீலப்பச்சைப் பாசி குடியிருக்கு. அந்தப் பாசி காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சுச் செடிக்குக் குடுக்கும், செடி அதுக்கு வீடு குடுக்கும். வாடகைக்கு வந்தவன் யூரியா மூட்டையோட வந்த கதை. அதனாலதான் வியட்நாம்லயும் சீனாவுலயும் பல நூறு வருசமா நெல் வயல்ல இதை உரமா வளத்தாங்க. சுமார் 4 கோடியே 90 லட்சம் வருசத்துக்கு முன்னாடி ஆர்க்டிக் கடல் மேலயே இது படர்ந்து கிடந்திருக்கு. 2004-ல கடலடியைத் துளைபோட்டுப் பாத்தப்ப அடுக்கடுக்கா அசோலா மிச்சம் வந்துச்சு. பூமியோட சூடு தணிஞ்சதுல இந்தத் துக்குணூண்டு செடிக்கும் பங்கு இருக்கலாம்னு விஞ்ஞானிங்க சிலர் சொல்றாங்க.

கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தோட நார்டெப் மையம்தான் இதை மாட்டுத் தீவனமா எங்க தெக்கத்திப் பக்கம் பரப்புச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்னா உங்களுக்கு ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும் ஞாபகம் வரும். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பால்கோவா அது. அந்த இனிப்புக்குப் பின்னாடி எங்களை மாதிரி ரெண்டு மாடு, மூணு மாடு வச்சிருக்கிற வீடுங்க நிறைய இருக்கு. தீவன விலை ஏற ஏற எங்களுக்குப் பால்ல மிஞ்சுறது குறையும். அப்ப யாராவது வந்து 'தண்ணியில மிதக்கிற பச்சையைப் போட்டா புண்ணாக்குச் செலவு மிச்சம்'னு சொன்னா நம்பாம இருக்க முடியுமா?

நானும் போட்டேன். பத்தடிக்கு நாலடி, சுத்திச் செங்கல் அடுக்கி, மேல சில்பாலின் ஷீட். சலிச்ச மண்ணு முப்பது கிலோவுக்கு மேல, கரைச்ச சாணி, ஒரு பிடி சூப்பர் பாஸ்பேட். தண்ணி அரை அடி. மேல ஒரு கிலோ அசோலா விதை. ரெண்டு வாரத்துல தொட்டி தெரியாம பச்சை விரிப்பு போட்ட மாதிரி மூடிக்கிச்சு. நல்லா இருக்கிற மாசத்துல நாளைக்கு ஒரு கிலோ அள்ளினேன். மாடும் கோழியும் விரும்பித் தின்னுச்சு. இதுவரைக்கும் சொன்னது எல்லாம் நிஜம்.

ஆனா கணக்கையும் சொல்லணும் இல்லையா? அசோலாவுல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல தண்ணி. ஒரு கிலோவைக் காயவச்சா அறுபது, எழுபது கிராம்தான் நிக்கும். அதுல நாலுல ஒரு பங்கு புரதம்னு வச்சாலும் பதினஞ்சு, பதினாறு கிராம். கடலைப் புண்ணாக்குல அந்தப் புரதம் வேணும்னா நாப்பது கிராம் போதும், ஒரு கைப்பிடி கூட வராது. 'பால் பதினஞ்சு, இருபது சதவீதம் கூடும்'னு கூட்டத்துல சொன்னாங்க. என் மாட்டுல அப்படிக் கூடுனதை நான் பாக்கலை. சித்திரை வெயில்ல அசோலா செங்கல் நிறத்துக்குச் சிவந்துபோய் பெருக்கமே நின்னுச்சு. மேல தென்னங்கீத்துப் பந்தல் போட்டப்புறம்தான் தேறுச்சு. வாரம் ஒரு தடவை சாணி கரைக்கணும், பத்து நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணி மாத்தணும், அள்ளுனதை வாடை போக அலசணும். இவ்வளவும் வீட்டுல ஒரு ஆளு செய்யணும், பெரும்பாலும் பொம்பளைங்கதான் செய்றாங்க. எங்க ஊர்ல போட்ட தொட்டியில பாதி இன்னைக்குக் கோழி அடையுற இடமா கிடக்கு.

நான் இன்னும் வச்சிருக்கேன். கோழிக்கும் கன்னுக்குட்டிக்கும் பச்சையா ஒரு வாய் கிடைக்குது, தொட்டித் தண்ணி முருங்கைக்கும் கருவேப்பிலைக்கும் நல்ல உரம். அது போதும் எனக்கு. அசோலா நல்ல செடி, ஆனா மந்திரம் இல்லை. அதுக்கு மேல அது தலையில சுமையை ஏத்தினா, நாளைக்குச் சம்சாரி நல்லதையும் சேத்துத் தூக்கி எறிஞ்சிருவான்.

இப்ப தங்கச்சிக்கு வருவோம்.

மாப்ள டப்பாவுல இருந்தது சால்வினியா. இதுல பல வகை உண்டு, சில வகை சாது. ஆனா சின்னதா இருக்கையில எது எந்த வகைன்னு பாத்தவுடனே சொல்றது கஷ்டம். விக்கிறவங்களுக்கும் பல நேரம் தெரியாது. ஆன்லைன்ல அவன் வாங்கின பாக்கெட்டுலயும் 'மிதக்கும் செடி, பராமரிக்க எளிது'ன்னு மட்டும்தான் போட்டிருந்துச்சாம். எளிதுதான், அதுல பொய் இல்லை.

இலை மேல தண்ணி ஊத்திக் காட்டினான். சேப்பங்கிழங்கு இலையில உருளுற மாதிரி முத்து முத்தா உருண்டு ஓடிருச்சு. இலை ரோமம்தான் காரணம். கீழ வேர் மாதிரி தொங்குறது வேர் இல்லை, அதுவும் ஒரு இலைதான், வேர் வேசம் போட்டிருக்கு. இப்படி ரோமத்துல காத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மிதக்கிறதால தள்ளி அமுக்கினாலும் மேல வந்துரும்.

இந்தக் கூட்டத்துல மூத்த போக்கிரி ஒண்ணு இருக்கு, சால்வினியா மொலஸ்டான்னு பேரு. சொந்த ஊரு பிரேசிலோட தென்கிழக்கு. வித்தால அது பெருகாது, மலட்டுச் செடி. ஒடிஞ்ச துண்டுல ஒரு கணு இருந்தாப் போதும், புதுச் செடி கிளம்பிரும். மலட்டுச் செடி உலகத்தைச் சுத்தி வந்த கதை எப்படின்னா, மனுசன் கையிலதான். 1939-ல தாவரவியல் படிப்புக்காகக் கொழும்புக்குக் கொண்டு வந்தாங்க. அங்கிருந்து இலங்கை வயல்கள்ல பரவுச்சு. 1950-கள்ல கேரளாவுல தலைகாட்டுச்சு, அங்க அதுக்கு 'ஆப்பிரிக்கன் பாயல்'னு பேரு. குட்டநாட்டு வயல்லயும் தோட்டுலயும் வள்ளம் போக முடியாம மூடுச்சு. நெல்லு நடுறதுக்கு முன்னாடி பாயலை வாரி வெளிய தள்ளுறதே ஒரு தனிச் செலவு. ஆப்பிரிக்காவுல கரிபா அணையில 1962 வாக்குல ஆயிரம் சதுர கிலோமீட்டர் மூடிக் கிடந்துச்சு.

கடைசியில அதை அடக்கினது மருந்து இல்லை, ரெண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கூன்வண்டு. பிரேசில்ல இந்தச் செடியை மட்டுமே தின்னு வாழ்ற பூச்சி. ஆஸ்திரேலியாக்காரங்க 1980-ல மூண்டாரா ஏரியில விட்டாங்க, ஒரு வருசத்துக்குக் கிட்டத்துல ஏரி துலங்கிருச்சு. அதே வண்டை 1980-கள்ல நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்து கேரளாவுல விட்டாங்க, அங்கயும் பெருமளவு அடங்குச்சு. உலகத்துலயே மோசமான ஊடுருவல் உயிர்கள் நூறுன்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல 2013-ல இதைச் சேத்தாங்க. ஆஸ்திரேலியாவுலயும் அமெரிக்காவுலயும் இதை விக்கவே கூடாது.

"நம்ம கண்மாய் கோடையில காஞ்சுருமே மாமா, செடியும் செத்துருமே"ன்னு கேட்டான். நல்ல கேள்வி, பாதி உண்மையும் கூட. தரை வெடிக்கிற அளவுக்குக் காயுற கண்மாய்ல அது பிழைக்காது. எங்க சீமைக்கு அந்த வறட்சி ஒரு காவல். ஆனா காயாத தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாருங்க. கமலைக் கிணறு இருக்கு, தெப்பக்குளம் இருக்கு, டவுன் சாக்கடை இறங்குறதால வருசம் முழுக்கக் கறுப்பா நிக்கிற கண்மாய் இருக்கு. சாக்கடைத் தண்ணியில சத்து அதிகம், அதுல இந்தச் செடி இன்னும் வேகமா வரும். அங்கெல்லாம் ஏற்கனவே அமலைச்செடி மூடிக் கிடக்கு. நீங்க ஆகாயத்தாமரைன்னு சொல்வீங்க. அதுவும் பூ அழகா இருக்குன்னு கொண்டு வந்ததுதான். மலையடிவாரத்துல செண்பகத்தோப்புப் பக்கம் புதரா நிக்கிற உண்ணிச்செடியும் தோட்டத்து அழகுக்கு வந்ததுதான். சீமைக்கருவேலம் விறகுக்கு வந்துச்சு, எங்க மாவட்டத்தையே எழுதி வாங்கிக்கிச்சு. கெட்டது செய்யணும்னு எந்தச் செடியையும் யாரும் கொண்டு வரலை.

"ஒரு டப்பாதானே மாமா"ன்னான் அடுத்து. வரப்புல உக்காந்து கணக்குப் போட்டோம். ஒரு சதுர அடி செடி, வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு மடங்கு ஆகுதுன்னு வைங்க. நல்ல வெயிலும் சத்தும் இருந்தா இதைவிட வேகமாவே ஆகும். பத்து வாரத்துல ஆயிரம் சதுர அடி. பதினாறு வாரத்துல ஒன்றரை ஏக்கர். இருபது வாரத்துல இருபத்தி நாலு ஏக்கர். நிஜத்துல காத்தும் அலையும் மாடும் கொஞ்சம் குறைக்கும், கணக்கு கணக்குதான். ஆனா கண்மாய்ல எங்களுக்குத் தண்ணி நிக்கிறது ஐப்பசியில இருந்து பங்குனி வரைக்கும், அதாவது அதே இருபது வாரம். காயறதுக்கு முன்னாடியே வேலையை முடிச்சுரும்.

கண்மாய் மூடினா என்ன ஆகும்? அடியில வெளிச்சம் போகாது, காத்து கரையாது. கெளுத்தியும் கெண்டையும் செத்து மிதக்கும். ஊருக்குக் கொஞ்சம் வருமானம் வர்றது மீன்பாசிக் குத்தகையில, அது போச்சு. மடையில செடி அடைச்சா தண்ணி வயலுக்கு ஏறாது, ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி முறை வந்தவன் இடுப்பளவு தண்ணியில இறங்கி அடைப்பை எடுக்கணும். நான் எடுத்திருக்கேன், அமலைக்கே. அட்டையும் பாம்பும் கூட வரும்.

இன்னொண்ணு, எங்க கண்மாய் தனிக் கண்மாய் இல்லை. ஒண்ணு நிறைஞ்சு கலுங்கு வழியா மறுகால் பாய்ஞ்சா அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அது நிறைஞ்சா அதுக்கு அடுத்தது. மிச்சம் கடைசியில வைப்பாத்துல சேரும். எங்க தாத்தன் முப்பாட்டன் அப்படிக் கோத்து வச்சுட்டுப் போயிருக்காங்க. தண்ணி போற வழியில செடியும் போகும். மாப்ள கையில இருந்த டப்பா எங்க ஊரோட நிக்காது, நாங்க பாத்தே இராத ஊருக்கெல்லாம் போகும். மேக்க அய்யனார் கோயில் ஆத்துத் தண்ணிதான் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியா ராஜபாளையத்துக்குக் குடிக்கப் போகுது. அங்க குளிக்கப் போற யாராவது ஒரு நாள் இதே நல்ல மனசோட ஒரு கவரைப் பிரிச்சா?

மீனுக்கும் இதே பேச்சுதான். 'டேங்க் கிளீனர்'னு வாங்கி, பெருசானதும் ஏரியில விடுறாங்க. சென்னைப் பக்கத்து ஏரிகள்ல அது வலையைக் கிழிக்குதுன்னு மீன்காரங்க புலம்புறாங்க. விட்டவங்க எல்லாரும் புண்ணியம்னு நினைச்சுத்தான் விட்டிருப்பாங்க.

அதனால என் கட்சி இதுதான். தொட்டியில அசோலாவோ சால்வினியாவோ உங்க இஷ்டம் போல வளருங்க. அசோலா பின்னாட்டான்னு ஒரு வகை நம்ம நாட்டு நெல்வயல்லயே இருக்கிறது, தேடி வாங்கினா மனசுக்கு நிம்மதி. அள்ளுனதை ஏரி, குளம், ஆறு, சாக்கடை, கழிப்பறை எதுலயும் போடாதீங்க. மொட்டை மாடியில பழைய பேப்பர் விரிச்சு வெயில்ல போடுங்க. நொறுங்குற அளவுக்குக் காஞ்சப்புறம் பூந்தொட்டி மண்ணுல கலந்துருங்க. தொட்டித் தண்ணி மாத்துறப்பவும் அதைச் செடிக்கு ஊத்துங்க, அதுல துண்டு துணுக்கு இருக்கும். விக்கிறவங்க பாக்கெட்டுல ரெண்டு வரி சேத்துப் போடணும்: செடியோட சரியான பேரு, வெளித் தண்ணியில விடக் கூடாதுங்கிற எச்சரிக்கை. அச்சடிக்க எவ்வளவு செலவாகிடப் போகுது?

உசிரைக் கொல்றதான்னு மாப்ள கேட்டதுக்கு எனக்கு அப்ப சட்டுனு பதில் வரலை. வீட்டுக்குத் திரும்பி நடக்கையிலதான் சொன்னேன். "நான் தினமும் களை பிடுங்குறவன் மாப்ள. எதை வளக்கணும், எதைப் பிடுங்கணும்னு முடிவு பண்றதுதான் எங்க பொழப்பு. பிடுங்க மனசு இல்லைன்னா வளக்க ஆசைப்படக் கூடாது."

டப்பாவைத் தொழுவத்துக்குப் பின்னாடி எருக்குழிக்குப் பக்கத்துல, காஞ்ச பாறையில கவுத்தோம். ரெண்டு நாள்ல சருகாப் போச்சு. ஊருக்குக் கிளம்புறப்ப அதே டப்பாவுல எங்க கொல்லை அசோலா ஒரு பிடி அள்ளிக் குடுத்தேன். போன வாரம் போன் பண்ணினான். தங்கமீன் அவ்வளவையும் தின்னுருச்சாம்.

"அள்ளுற வேலையே இல்லாம போச்சு மாமா"ன்னான்.

"அப்ப மீனைத்தான் கொண்டாந்து கண்மாய்ல விட்டுராத"ன்னு சொல்லி வச்சிருக்கேன்.